எங்கே நின்றாய் என்று கேளுங்கள்

(நமது அறக்கட்டளையின் மாலை நேர ஐயம் தீர்க்கும் வகுப்பில் பயிலும் மாணவ மாணவியரின் பெற்றோர் கூட்டத்தில், செயலாளர் ஆற்றிய உரை)

 

அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். மஃரிபுக்கு முன் முடித்துக்கொள்ள வேண்டும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கடந்த சில மாதங்களாக உங்களில் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். "செயலாளரே, மற்ற இடங்களில் தினமும் டெஸ்ட் வைக்கிறார்கள், மார்க் பட்டியல் ஒட்டுகிறார்கள். நம் இடத்தில் பிள்ளைகள் சந்தேகம் கேட்கிறார்கள், வாத்தியார் பதில் சொல்கிறார், அவ்வளவுதான். இதற்கு ஒரு வகுப்பு தேவையா?" வெளிநாட்டிலிருந்து நிதி அனுப்பும் நம் சகோதரர்களும் எத்தனை பேர் சென்டம் வாங்கினார்கள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இந்த வகுப்பை சாதாரண டியூஷனாக மாற்றிவிடலாம் என்ற ஆலோசனை அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் வர இருக்கிறது. முடிவெடுக்கும் முன் உங்களிடம் சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

இங்கே என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்கிறேன். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே உள்ள நேரத்தில் மூன்று மேசைகள் போடுகிறோம். ஒன்று கணக்கு, ஒன்று பிசிக்ஸ், ஒன்று பிரெஞ்சு. பிள்ளைகள் பள்ளியில் புரியாததைக் கொண்டு வருகிறார்கள். ஆசிரியர் பாடம் நடத்துவதில்லை. பிள்ளை கேட்பதற்கு மட்டும் பதில் சொல்கிறார்.

கணக்கும் பிசிக்ஸும் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. நம் பிரதேசத்து அரசுப் பள்ளிகள் மாநிலப் பாடத்திட்டத்திலிருந்து சி.பி.எஸ்.இ.க்கு மாறிய பிறகு, தமிழில் படித்து வந்த பிள்ளைகள் முடுக்கம் என்று தெரிந்து வைத்திருந்ததை ஆக்ஸிலரேஷன் என்று மறுபடியும் கற்க வேண்டியிருக்கிறது. அதில் தடுமாறுகிறவர்கள் அதிகம்.

பிரெஞ்சு ஏன் என்று மட்டும் சிலர் கேட்கிறார்கள். நம் காரைக்காலில் இருந்துகொண்டு அதைக் கேட்கலாமா? 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன ஊர் இது. 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி சட்டப்படி இணைந்தோம். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு உடன்படிக்கையில் வழி இருந்தது. அதனால்தான் இன்றும் நம் வீடுகளில் பாரிஸில் ஒரு பெரியப்பா, ஒரு லாத்தா இருக்கிறார்கள். பள்ளியில் பிரெஞ்சை மொழிப் பாடமாக எடுக்கும் பிள்ளைகளும் நம்மிடம் உண்டு. வீட்டில் சொல்லித் தர ஆள் இல்லாத பாடம் அது. அதற்குத்தான் அந்த மூன்றாவது மேசை.

இனி நான் சொல்லப்போவது நம் தவறு ஒன்றைப் பற்றியது. என் தவறு என்றே சொல்ல வேண்டும்.

வகுப்பு தொடங்கிய காலத்தில் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பையன் வந்தான். பெயர் வேண்டாம். ஒரு நாள் தவறாமல் வருவான். பிசிக்ஸ் மேசையின் ஓரத்தில் உட்காருவான். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மற்றவர்கள் கேட்பதைக் கேட்டுக்கொண்டிருப்பான். வாயைத் திறக்க மாட்டான். நான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது அவனைக் காட்டி மற்ற பிள்ளைகளிடம், "பாருங்கள், எவ்வளவு அமைதியான பிள்ளை" என்று சொல்லியிருக்கிறேன். மூன்று மாதம் வந்தான். பிறகு வரவில்லை. பரீட்சையில் பிசிக்ஸும் கணக்கும் போய்விட்டது என்றார்கள். படிப்பை நிறுத்திவிட்டு ஒரு கடையில் சேர்ந்துவிட்டான்.

ஒரு நாள் கடைத்தெருவில் அவனைப் பார்த்தேன். "ஏம்பா, தினமும் வந்தாயே, ஒரு சந்தேகமாவது கேட்டிருக்கக் கூடாதா?" என்றேன். அவன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சொன்னான்: "எனக்கு என்ன தெரியலைன்னே தெரியல மாமா. அதை எப்படிக் கேக்குறது?"

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று மாதம் அந்தப் பிள்ளை நம் கண் முன்னால் மூழ்கிக்கொண்டிருந்தான். நாம் வருகைப் பதிவு செய்துகொண்டிருந்தோம்.

எனக்கு இது புரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் நானும் அப்படி இருந்தவன்தான். மத்ரஸாவில் ஓதிவிட்டு, பிறகு கல்லூரியில் கணிதம் படித்தேன். பிசிக்ஸ் துணைப்பாடம். முதல் வருடம் ஒரு நாள் கையைத் தூக்கி, "சார், கரண்ட் பல்பு வழியாகப் போகும்போது கொஞ்சம் செலவாகிவிடுமா?" என்று கேட்டேன். "இது எட்டாம் வகுப்புக் கேள்வி, உட்கார்" என்றார் ஆசிரியர். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு மூன்று வருடமும் நான் கையைத் தூக்கவில்லை. மனப்பாடம் செய்து தேறினேன்.

அந்தக் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது போன வருடம், நம் பிசிக்ஸ் மேசையில். பிள்ளைகள் எல்லோரும் போன பிறகு ஆசிரியரிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "சைக்கிள் செயினை நினைத்துப் பாருங்கள் நானா" என்றார். "செயின் சுற்றுகிறது. சக்கரத்தைத் தாண்டி வரும்போது செயின் குறைந்துவிடுகிறதா? அதே செயின்தான் திரும்பி வருகிறது. உங்கள் காலின் சக்திதான் சக்கரத்துக்குப் போகிறது. பல்புக்குள் போகிற கரண்டும் வெளியே வருகிற கரண்டும் ஒரே அளவுதான். செலவாவது ஆற்றல்." இரண்டு நிமிட விளக்கம். முப்பது வருடத்துக்கு மேல் காத்திருந்தேன்.

அந்தப் பையனைப் பார்த்த பிறகு ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசினோம். ஒரு மாற்றம் செய்தோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று கொடுத்தோம். சந்தேகத்தை வாயால் கேட்பதற்கு முன் அதில் இரண்டே வரி எழுத வேண்டும். இதுவரை எனக்குப் புரிந்தது என்ன? எந்த இடத்தில் நின்றுவிட்டேன்? வெட்கப்படும் பிள்ளை நோட்டை மட்டும் நீட்டினால் போதும். எதுவும் எழுத முடியாமல் வெறும் நோட்டோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் ஆசிரியரே போய் உட்கார வேண்டும். புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து புரட்டி, "இது தெரியுமா, இது தெரியுமா" என்று கேட்டுக்கொண்டே வந்து, அவன் நின்ற இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். விடை சொல்வது அதற்குப் பிறகுதான்.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். மூன்று மேசையிலிருந்தும் ஒவ்வொரு உதாரணம் சொல்கிறேன்.

கணக்கு மேசையில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், பன்னிரண்டைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்று எழுதியிருந்தான். பள்ளியில் தப்பு என்று போட்டிருந்தார்கள். ஏன் தப்பு என்று தெரியவில்லை. "அப்படி வகுக்கக் கூடாது" என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பியிருக்கலாம். நம் ஆசிரியர், "பன்னிரண்டை நாலால் வகுத்தால் மூன்று என்கிறாயே, அது சரி என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டார். பையன் விழித்தான். அவன் நின்ற இடம் அதுதான். பூஜ்யத்தில் அவன் நிற்கவில்லை. வகுத்தல் என்றால் என்ன என்பதிலேயே நின்றிருக்கிறான்.

நோன்பு காலம் அது. தட்டில் பேரீச்சம்பழம் இருந்தது. பன்னிரண்டு பழத்தை எடுத்து வைத்து, "ஆளுக்கு நாலு கொடு, எத்தனை பேருக்கு வரும்?" மூன்று பேர், தட்டு காலி. "சரி, இப்போது ஆளுக்குப் பூஜ்யம் கொடு. எத்தனை பேருக்குக் கொடுத்தால் தட்டு காலியாகும்?" பையன் சிரித்துவிட்டான். எத்தனை பேர் வந்தாலும் காலியாகாது. "நீ சொன்ன விடை பூஜ்யம் என்றால், பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் பெருக்கினால் பன்னிரண்டு வர வேண்டும். வருமா?" வராது. எந்த எண்ணைப் போட்டாலும் வராது. அதனால்தான் அதற்கு விடை இல்லை. உடனே பையன், "அப்போ பூஜ்யத்தைப் பூஜ்யத்தால வகுத்தா?" என்றான். ஆசிரியருக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! அங்கே எந்த எண்ணைப் போட்டாலும் பொருந்தும், குறிப்பாக ஒரு விடை சொல்ல முடியாது, அதனால் அதையும் விட்டுவிடுகிறோம் என்று சொல்லிக் கொடுத்தார். இரண்டாவது கேள்வியை அவனாகவே கேட்டான் பாருங்கள், அதற்கு எந்த டெஸ்டிலும் மார்க் கிடையாது.

பிசிக்ஸ் மேசையில் பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள்: "மேலே எறிந்த நாணயம் உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. திசைவேகம் பூஜ்யம் என்பது புரிகிறது. முடுக்கம் ஏன் பூஜ்யம் இல்லை?" நல்ல கேள்வி. ஆசிரியர் ஒரு தாளில் எழுதச் சொன்னார். வினாடிக்கு 19.6 மீட்டர் வேகத்தில் எறிகிறோம். ஒரு வினாடி கழித்து 9.8. இரண்டாவது வினாடியில் பூஜ்யம். மூன்றாவது வினாடியில் கீழ்நோக்கி 9.8. "ஒவ்வொரு வினாடியும் எவ்வளவு மாறுகிறது?" 9.8. "உச்சியில் மட்டும் அந்த மாற்றம் நின்றுவிட்டால் நாணயம் என்ன ஆகும்?" அவள் யோசித்துச் சொன்னாள்: "அங்கேயே நின்னுடும் சார். கீழே வராது." முடுக்கம் என்றால் வேகமாகப் போவது என்று அவள் நினைத்திருந்தாள். வேகம் மாறுவதுதான் முடுக்கம் என்பது அன்றுதான் பிடிபட்டது.

பிரெஞ்சு மேசையில் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. மேசைக்கு 'லா தாப்ல்'. அது பெண்பால். புத்தகத்துக்கு 'லெ லீவ்ர்'. அது ஆண்பால். ஒரு பையன் கோபமாகவே கேட்டான்: "மேசை எப்படி டீச்சர் பொம்பளையாகும்?" தமிழில் உயிரற்றதெல்லாம் ஒன்றன்பால், அதனால் இந்தக் கோபம் நியாயம்தான். அந்த அம்மையார் அவனிடம், "நீ மத்ரஸாவில் ஓதியிருக்கிறாய் அல்லவா? ஷம்ஸ் என்ன பால், கமர் என்ன பால்?" என்று கேட்டார். அரபியில் சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால். பையனுக்குத் தெரிந்திருந்தது. "பிரெஞ்சில் அது நேர்மாறு. சூரியன் 'லெ சொலேய்', ஆண்பால். சந்திரன் 'லா லூன்', பெண்பால். சூரியன் ஊருக்கு ஊர் மாறவில்லையே? ஆக இது பொருளின் குணம் இல்லை, சொல்லின் குடும்பம். சொல்லை மட்டும் படிக்காதே, முன்னால் வரும் லெ, லா இரண்டில் ஒன்றையும் சேர்த்தே படி" என்றார். மத்ரஸாவில் கற்றது பிரெஞ்சு மேசையில் கைகொடுத்தது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

வெளிநாட்டில் படிக்க எண்ணும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு தகவல். பிரெஞ்சு அறிவுக்கு டெல்ஃப் என்ற பரீட்சை இருக்கிறது. ஏ1, ஏ2, பி1, பி2 என நான்கு படிகள். ஒவ்வொன்றிலும் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள், பகுதிக்கு 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் எந்தப் பகுதியிலும் 5க்குக் குறையக் கூடாது. பிரெஞ்சு வழியில் பல்கலைக்கழகத்தில் சேர வழக்கமாக பி2 கேட்கிறார்கள். எழுத்துப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து 90 வாங்கும் பிள்ளை, பேசுவதில் வாய் திறக்காவிட்டால் அங்கே நின்றுவிடும். வாய் திறந்து கேட்கப் பழகிய பிள்ளைக்கு அந்தப் பயம் பாதி குறையும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது பிள்ளைகள் கணக்கைப் போனில் படம் பிடித்தால் விடை வந்துவிடுகிறது. படிப்படியாகவே வந்துவிடுகிறது. நான் அதைத் தடுக்கச் சொல்லவில்லை. நம் ஆசிரியர்களும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் பிள்ளை படம் பிடித்தது அந்த ஒரு கணக்கை மட்டும்தான். அந்தப் பேரீச்சம்பழப் பையன் படம் பிடித்திருந்தால், 'வரையறுக்கப்படவில்லை' என்று விடை வந்திருக்கும். அதை எழுதி மார்க்கும் வாங்கியிருப்பான். வகுத்தல் என்ன என்று அவனுக்குத் தெரியாது என்பது யாருக்கும் தெரிந்திருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைப் பார்க்கும் ஒருவர் இருந்ததால்தான் தெரிந்தது.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு விடை தெரியாத கேள்வி வரும். வரட்டும். "தெரியவில்லை, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். இமாம் மாலிக் அவர்கள், வெகுதூரம் பயணம் செய்து வந்தவர் கேட்ட கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு எனக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்பியதை மத்ரஸாவில் படித்திருக்கிறோம். அதனால் அவர்களுடைய மதிப்பு குறைந்துவிட்டதா? போன மாதம் நம் கணக்கு ஆசிரியர் அப்படிச் சொல்லி, மறுநாள் விடையோடு வந்தார். அந்தப் பிள்ளை வீட்டில் போய், "சாருக்கே தெரியல, ராத்திரி படிச்சிட்டு வந்தாங்க" என்று பெருமையாகச் சொன்னதாம்.

பெற்றோரிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

முதலாவது, பிள்ளை வீட்டுக்கு வந்ததும் எத்தனை மார்க் என்று கேட்பதற்கு முன், "இன்றைக்கு என்ன கேட்டாய்?" என்று கேளுங்கள். அந்தப் பாடம் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. உம்மா பள்ளிக்கூடமே போகாதவராக இருக்கலாம். நோட்டைப் பிரித்து எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். போதும்.

இரண்டாவது, "இதுகூடத் தெரியாதா" என்ற வார்த்தையை வீட்டில் சொல்லாதீர்கள். நானாமாரும் லாத்தாமாரும்கூடச் சொல்ல வேண்டாம். அந்த ஒரு வார்த்தை என் வாயை மூன்று வருடம் அடைத்தது.

மூன்றாவது, பெண் பிள்ளைகள் விஷயம். எட்டாம் வகுப்பு வரை நன்றாக வருகிறார்கள். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் குறைந்துவிடுகிறார்கள். இருட்டிவிடுகிறது என்ற உங்கள் கவலை நியாயமானது. அதனால் அவர்களுக்கு மட்டும் அஸருக்குப் பிறகு தனி நேரம் வைக்கவும், பெண் ஆசிரியைகளை ஏற்பாடு செய்யவும் கமிட்டியில் கேட்டிருக்கிறேன். ஆனால் அவர்கள் கேள்வி கேட்பது நாணத்துக்குக் குறைவு என்று யாரும் எண்ண வேண்டாம். அன்ஸாரிப் பெண்கள் மார்க்க விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அவர்களைப் புகழ்ந்திருக்கிறார்கள். அந்த நாணயக் கேள்வியைக் கேட்டதும் நம் பெண் பிள்ளைதான்.

பட்டம் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்களே, வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம் வாருங்கள். பிரெஞ்சு மேசைக்கு இப்போது ஒரே ஆசிரியைதான் இருக்கிறார். பிரான்ஸிலிருந்து விடுமுறைக்கு வரும் குடும்பத்தார், இருக்கும் நாட்களில் பிள்ளைகளோடு பிரெஞ்சில் பேசிவிட்டுப் போனாலே பேருதவி.

கமிட்டி என்ன முடிவெடுத்தாலும் நான் கட்டுப்படுவேன். டெஸ்ட் வைக்க வேண்டும் என்றால் வாரத்தில் ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம். அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் மார்க் பட்டியலைச் சுவரில் ஒட்டினால், கடைசியில் பெயர் இருக்கும் பிள்ளை மறுநாள் வராது. நாம் யாருக்காக மேசை போட்டோமோ அந்தப் பிள்ளை அதுதான். முதலில் பெயர் வருகிற பிள்ளைக்கு ஊரில் பத்து இடம் இருக்கிறது. கடைசிப் பிள்ளைக்கு நம்மை விட்டால் இடம் இல்லை. இதை மனதில் வைத்து உங்கள் கருத்தை ஒரு தாளில் எழுதி, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்தில் கொடுங்கள். எழுத இயலாதவர்கள் வாயால் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

கடையில் நிற்கும் அந்தப் பையனை நான் விட்டுவிடவில்லை. தனித்தேர்வராக எழுத வழி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். இன்னும் சொல்லவில்லை. அவனுக்கும் ஒரு நோட்டு எடுத்து அலுவலக மேசையில் வைத்திருக்கிறேன். அவனுக்காக துஆ செய்யுங்கள்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதைக் கேட்டுப் பெறும் துணிவையும், கேட்பவரைச் சிரிக்காத மனதை நமக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.